ஓட்டுப் போட்டதற்காகப் பறிபோன நிலங்கள்: வேல்ஸின் மெரியனெத் தொகுதி கண்ட நான்கு நூற்றாண்டுகள்

1859ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வேல்ஸின் மெரியனெத் தொகுதியில் இரண்டே வேட்பாளர்கள். கன்சர்வேடிவ் கட்சிக்கு டபிள்யூ. டபிள்யூ. இ. வின், லிபரல் கட்சிக்கு டேவிட் வில்லியம்ஸ். வின் ஜெயித்தார், வித்தியாசம் 40 ஓட்டுக்கும் குறைவு. விஷயம் அதோடு முடிந்திருந்தால் அந்தத் தேர்தலை இன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். முடிவு வந்த பிறகு பாலா ஊரைச் சுற்றியிருந்த ரியூலாஸ், வின்ஸ்டே பண்ணைகளில் குத்தகைக்கு உழுதவர்கள் சிலருக்கு நிலத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு போனது. சிலருக்குக் குத்தகை ஏற்றப்பட்டது. பண்ணையார் சொன்னவருக்கு ஓட்டுப் போடவில்லை, அல்லது ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவில்லை என்பதுதான் அவர்கள் செய்த குற்றம்.

யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது பண்ணையாருக்கு எப்படித் தெரியும்? அன்று ஓட்டுப் பெட்டி கிடையாது. வாக்காளர் எல்லார் முன்னாலும் வேட்பாளரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். பண்ணையாரின் ஆள் பக்கத்திலேயே நிற்கலாம்.

வடமேற்கு வேல்ஸில் மலையும் ஏரியும் ஸ்லேட் கல் சுரங்கங்களும் நிறைந்த மாவட்டம் மெரியனெத். எட்டாம் ஹென்றி காலத்தில் வேல்ஸ் இங்கிலாந்தோடு சட்டப்படி இணைக்கப்பட்டபோது மாவட்டத்துக்கு ஓர் உறுப்பினரும் அதன் தலைமை ஊருக்கு இன்னொருவரும் என்று ஏற்பாடானது. மெரியனெத்துக்கு மட்டும் அந்த இரண்டாவது இடம் கிடைக்கவில்லை. அவ்வளவு ஏழை மாவட்டம். 1542 முதல் ஒற்றை உறுப்பினர்தான். அந்த ஓரிடமும் சில நிலக்குடும்பங்களின் வீட்டுச் சொத்துப் போலவே கைமாறியது. நன்னாய் மாளிகையின் சர் ராபர்ட் வான் 1792இல் உட்கார்ந்தவர் 1836 வரை எழுந்திருக்கவில்லை. இந்த ஏறக்குறைய மூன்று நூற்றாண்டைப் பற்றி வேறு சொல்வதற்கு அதிகமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. நிலம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்கள், ஆங்கிலம் பேசியவர்கள். அதை உழுதவர்கள் வெல்ஷ் பேசியவர்கள். மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல் போன்ற தனிச் சபைகளைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்குத் தங்கள் ஓட்டு யாருக்கு என்று முடிவு செய்யவும் தெரிந்துவிட்டது. 1859இல் விழுந்த அடி அதற்கான பதிலடிதான்.

ஜெயித்த வின்னை வெறும் வில்லனாக்கிவிடவும் முடியாது. அவர் பழஞ்சுவடி ஆராய்ச்சியாளர். அதே 1859இல்தான் ஹெங்வர்ட் மாளிகையின் சுவடித் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. கார்மார்தன் கருப்புப் புத்தகமும் தாலியெசின் புத்தகமும் அதில் உண்டு. வெல்ஷ் மொழியின் மிகப் பழைய செல்வம் அது; இன்று அபரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகத்துக்கு அதுவே அடித்தளம். வெல்ஷ் ஏடுகளைக் காத்தவருக்கு ஓட்டுப் போடாததற்காகத்தான் வெல்ஷ் உழவர்கள் வீட்டை இழந்தார்கள்.

1865இலும் டேவிட் வில்லியம்ஸ் மயிரிழையில் தோற்றார். ஓட்டுரிமை விரிந்த பிறகு வந்த 1868 தேர்தலில் போட்டியின்றித் தேர்வானார்; மறு ஆண்டே இறந்துவிட்டார். அந்த 1868 தேர்தலுக்குப் பின் கார்டிகன், கார்மார்தன் பகுதிகளிலும் குத்தகைக்காரர்கள் விரட்டப்பட, நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி ரிச்சர்ட் அவையில் அதை எழுப்பினார். ரகசிய வாக்குச் சட்டம் 1872இல் வந்தது. அதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் வேல்ஸின் இந்த நிலப்பறிப்புகளும் உண்டு.

மெரியனெத் பெற்ற பெரும் தலைவர் டாம் எல்லிஸ். பாலாவுக்கு அருகே குத்தகை விவசாயி வீட்டில் அவர் பிறந்ததும் 1859 பிப்ரவரியில், அந்தத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு. அவருடைய உறவினர்களும் நிலத்தை இழந்தவர்களில் உண்டு. அபரிஸ்ட்வித்திலும் ஆக்ஸ்போர்டிலும் படித்துவிட்டு 1886இல், 27 வயதில், மெரியனெத்தின் உறுப்பினரானார். பண்ணையாரின் தயவு தேவைப்படாத முதல் தலைமுறை அது. வேல்ஸுக்குத் தன்னாட்சி, நிலச் சீர்திருத்தம், திருச்சபையை அரசிலிருந்து பிரிப்பது ஆகியவை அவருடைய கோரிக்கைகள். 1894இல் லிபரல் கட்சியின் தலைமைக் கொறடா ஆனார். அரசுப் பதவியை ஏற்றதற்காக ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் அதிருப்தியில் நியாயம் இல்லாமல் இல்லை. 1899இல், 40 வயதில், பிரான்ஸின் கான் நகரில் இறந்தார். பாலா கடைத்தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவருக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் ஓ. எம். எட்வர்ட்ஸ் மறு ஆண்டே விலகிவிட்டார். 1910 முதல் 1945 வரை உறுப்பினராக இருந்த ஹேடன் ஜோன்ஸ் ஸ்லேட் சுரங்கமும் தாலிலின் என்ற சிறு ரயில் பாதையும் வைத்திருந்தவர். தான் உயிரோடு இருக்கும்வரை தாலிலின் ரயில் ஓடும் என்றார்; ஓடியது. 1950இல் அவர் மறைந்தபின் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தினார்கள். உலகிலேயே அப்படிக் காக்கப்பட்ட முதல் ரயில் பாதை அதுதான். 1945இல் லிபரல் வேட்பாளர் எம்ரிஸ் ராபர்ட்ஸ் வெறும் 112 ஓட்டில் தப்பினார். 1951இல் தொழிற்கட்சி ஜெயித்தபோது 83 ஆண்டு லிபரல் ஆதிக்கம் முடிந்தது.

பிறகு தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. லிவர்பூல் நகரத்துக்குக் குடிநீர் எடுக்க பாலா அருகே ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. கப்பெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமம் பள்ளியோடும் தேவாலயத்தோடும் நீரில் மூழ்கியது. அணை 1965இல் திறக்கப்பட்டது. லிவர்பூல் மாநகரம் 2005இல்தான் மன்னிப்புக் கேட்டது.

அணை கிளப்பிய கோபம் உடனே ஓட்டாகிவிடவில்லை. வெல்ஷ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ் இதே மெரியனெத்தில் 1959 உட்பட நான்கு முறை நின்று நான்கு முறையும் தோற்றார். கடைசியில் 1966இல் கார்மார்தன் இடைத்தேர்தல்தான் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மெரியனெத் அசைந்தது 1974 பிப்ரவரியில். டாஃபித் எலிஸ் தாமஸ் 588 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். டாம் எல்லிஸைப் போலவே அவருக்கும் அப்போது வயது 27. பின்னாளில், 1999இல் தொடங்கிய வெல்ஷ் சட்டமன்றத்தின் முதல் அவைத்தலைவரும் அவரே.

அதே 1974இல் மெரியனெத் மாவட்டத்தின் பெரும்பகுதி க்வினெத் என்ற பெரிய மாவட்டத்தில் கரைந்தது. தொகுதியும் 1983இல் மறைந்து, பக்கத்துப் பகுதிகளோடு சேர்ந்து மெய்ரியோனித் நான்ட் கான்வி ஆனது. 2010 முதல் துவைஃபோர் மெய்ரியோனித். மெரியனெத் சின்னத் தொகுதி என்பதே 1983 கலைப்புக்குக் காரணம். வாக்காளர் எண்ணிக்கை எங்கும் சமமாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை மறுப்பது கடினம். ஆனால் 112 ஓட்டும் 588 ஓட்டும் முடிவைத் தீர்மானித்த தொகுதிக்கு அது பெரிய இழப்புதான். 2024இல் வேல்ஸின் மொத்த இடங்களே 40இலிருந்து 32ஆகச் சுருங்கின. 1974 பிப்ரவரிக்குப் பிறகு இந்தப் பகுதியின் தொகுதி எல்லை மூன்று முறை மாறியிருக்கிறது. பிளைட் கம்ரியைத் தவிர வேறு கட்சி எதுவும் அங்கே ஜெயித்ததில்லை.