உங்களுக்குத் தெரியுமா? குதிரையின் பாஸ்போர்ட்டில் சுழியும் உண்டு

மும்பையில் திலக் நகர்க்காரர்கள் ரயில் மாறிப் போகும் தூரத்தில்தான் மகாலட்சுமி பந்தய மைதானம், 1883-லிருந்து இருக்கிறது. அங்கே ஓடும் தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரையின் பாஸ்போர்ட்டில் புகைப்படத்தைவிட முக்கியமானது ஒரு கோட்டுப்படம். நெற்றிப் பொட்டு, வெள்ளைக் கால், ரோமச் சுழிகள் எல்லாம் அதில் குறிக்கப்படும். நம் ஊரில் சுழி பார்த்து ராசி சொன்னார்கள். இங்கே அதே சுழி கைரேகையின் வேலையைச் செய்கிறது. கழுத்தில் 15 இலக்க மைக்ரோசிப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சிப் வெறும் எண்ணைத்தான் சொல்லும். அந்த எண்ணுக்குரிய குதிரை இதுதானா என்று சரிபார்க்க உடல் அடையாளம் வேண்டும்.

ஆனால் பாஸ்போர்ட் இருப்பதாலேயே குலம் நிரூபணமாகிவிடாது. ஐரோப்பாவில் கலப்புக் குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. அது வெறும் அடையாளச் சீட்டு. குலத்துக்குச் சாட்சி, 1791-ல் இங்கிலாந்தில் வெதர்பி என்பவர் தொடங்கிய வம்சாவளிப் பதிவேடும் அதன் வழியில் வந்த இந்திய ஸ்டட் புக் போன்றவையும்தான். பதிவேட்டிலும் பொய் எழுதலாமே? எழுதலாம்தான், அதனால்தான் இன்று பிடரிமயிரை வேரோடு பிடுங்கி, மரபணுச் சோதனையில் தாய் தந்தையை உறுதிசெய்கிறார்கள். அதிலும் தேறிய குட்டி வேகமாக ஓடுமா என்பது வேறு கதை.