ஊர் திரும்பும் ஆண்டில் இரண்டு வரி

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விளைவித்துக் கிடைக்கும் பணத்துக்கு வருமான வரி கிடையாது. அதே குடும்பத்துப் பிள்ளை சிங்கப்பூரில் வாங்கிய சம்பளத்துக்கோ, அவர் ஊர் திரும்பும் ஆண்டில் இரண்டு அரசுகளும் வரி கேட்கக்கூடும்.

மூன்றாண்டு வேலை பார்த்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் கணக்கு ஜனவரியில் தொடங்குகிறது. 183 நாள் இருந்தாலே வரிக்கு அவர் அந்நாட்டுவாசி. நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. இங்கே 182 நாள் போதும். செப்டம்பர் முதல் எண்ணினால் 212 நாள் வந்துவிடுகிறது. ஆக, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வாங்கிய சம்பளம் இரு சட்டங்களிலும் சிக்குகிறது. நெடுங்காலம் வெளியே இருந்துவிட்டு வருவோருக்குச் சட்டமே சிறிது காலம் விலக்கு தருகிறது. குறுகிய காலம் போய் வந்தவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இதைத் தீர்க்கத்தான் 1994-இல் கையெழுத்தான இந்திய-சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம். அவரை எந்த நாட்டுவாசியாகக் கொள்வது என்று முடிவு செய்ய, நிரந்தர வீடு எந்த நாட்டில் என்று முதலில் பார்க்கும். இரண்டிலும் இருந்தால், குடும்பமும் பிழைப்பும் எங்கே நெருக்கம் என்று பார்க்கும். அதிலும் தெளிவில்லையென்றால் வழக்கமாகத் தங்கும் இடம், பிறகு குடியுரிமை. எதிலும் முடியாவிட்டால் இரு அரசின் அதிகாரிகளும் பேசித் தீர்க்க வேண்டும். மனைவி, மக்கள், சொந்த வீடு எல்லாம் நாமகிரிப்பேட்டையில் இருந்தால் பெரும்பாலும் இந்தியாதான். இங்கே வரி போடும்போது, அங்கே கட்டிய வரியை உரிய அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம்.

நெருக்கம் என்பதை எப்படி அளப்பது? மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த செட்டியார் தரப்பு ஒன்றின் வழக்கு, அந்நாட்டோடு உள்ள ஒப்பந்தத்தை வைத்து, உச்ச நீதிமன்றம் வரை போனது. தோட்ட வருமானம் 88,424 ரூபாய், சொத்து விற்ற ஆதாயம் 18,113 ரூபாய். சொத்து மலேசியாவில் இருப்பதால் பொருளாதார உறவும் அந்நாட்டோடுதான் நெருக்கம், இந்திய வரி கிடையாது என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. ஒரு சொத்து இருக்கும் இடத்தை வைத்து வாழ்வின் மையத்தை முடிவு செய்தது போதாது என்றே எனக்குப் படுகிறது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 2008 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது: வேறு நாடு ‘வரி விதிக்கலாம்’ என ஒப்பந்தம் சொன்னாலும், அந்த வருமானம் இந்தியக் கணக்கிலும் சேரும், கட்டிய வரிக்கு ஒப்பந்தப்படி நிவாரணம் உண்டு.

சிங்கப்பூரில் வேலையை விட்டுக் கிளம்பும் வெளிநாட்டவரின் வரிக் கணக்கை முடிக்க அங்குள்ள வரித்துறைக்குத் தகவல் தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு. வரி கட்டிய சான்றை விமானம் ஏறும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். அது கையில் இல்லாமல் இங்கே கழிவு கேட்க முடியாது.