“நான்சென்ஸ்” என்றால் என்ன?

ஆங்கிலம் ஓர் எழுத்துகூடப் படிக்காதவருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்? “தேங்க்யூ” என்பீர்கள், “சாரி” என்பீர்கள். நான் “நான்சென்ஸ்” என்பேன். திரைப்படத்தில் பணக்கார அப்பா வேலைக்காரனை அந்தச் சொல்லால்தான் விரட்டுவார். நம் வீட்டுப் பிள்ளைகள் சண்டையிலும் அதுவே வந்து விழுகிறது. அது “நான்” என்று தொடங்குவதால், துரை தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார் என்று என் தாத்தா காலத்து ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்களாம்!

எனக்கு அந்தச் சொல் அறிமுகமானது அப்படிச் சிரிக்கும்படியாக இல்லை. அப்போது நான் ஐந்தாம் ஆண்டு மாணவன். அப்பா பால் மரம் வெட்டினார். ஒரு நாள் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தம் வாளியும் பக்கத்து நிரைக்காரர் வாளியும் ஒரே அளவு. இரண்டுமே விளிம்புவரை நிறைந்திருந்தன. ஆனால் எடை மட்டும் வேறு வேறாக இருந்தது. மறுநாள் பெரட்டில் நின்று, மேனேஜரிடம் மரியாதையாகத்தான் அதைக் கேட்டிருக்கிறார். மேனேஜர் “நான்சென்ஸ்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலை அப்பா என்னைக் கூப்பிட்டார். “டேய், நீ இங்கிலீஷ் படிக்கிறியே, நான்சென்ஸ்னா என்னடா?” நான் பள்ளி அகராதியைப் புரட்டி, “அர்த்தம் இல்லாத பேச்சு, அப்பா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் லயத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் கேட்டதிலே அர்த்தம் இல்லாதது எதுடா?” என்றார். அகராதியில் அதற்குப் பதில் இல்லை. தராசைப் பற்றி அப்பா மறுபடியும் கேட்கவே இல்லை.

இப்போது வாத்தியாராக நின்று அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டுகிறேன். ‘நான்’ என்ற முன்னொட்டு இலத்தீனிலிருந்து வந்தது. இல்லை, அல்லாதது என்று பொருள். ‘சென்ஸ்’ என்றால் பொருள், அறிவு, புலன் எல்லாம். இரண்டும் ஒட்டி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் வழங்கி வருகிறது. நம்மவர் பலரும் தவறாக நினைக்கும் இடம் ஒன்று உண்டு. “அறிவு கெட்டவனே” என்று ஆளைத் திட்டுவதாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். “அவன் ஒரு நான்சென்ஸ்” என்றும் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பேச்சுக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. சொன்ன கருத்துதான் நான்சென்ஸ். சொன்ன மனிதர் அல்ல. எந்தக் கருத்தையும் அப்படிச் சொல்லலாம். ஆனால் ஏன் என்று காரணம் காட்ட வேண்டும். காரணம் காட்டாமல் சொன்னால் அது பதில் ஆகாது. அப்பாவுக்குக் கிடைத்தது அப்படிப்பட்டதுதான்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? உளறல், பிதற்றல், அபத்தம் என்று எத்தனையோ இருக்கின்றன. ‘அபத்தம்’ வடமொழியிலிருந்து வந்தது. கட்டப்படாதது, ஒன்றோடொன்று சேராதது என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் ‘அப்சர்ட்’ என்று இன்னொரு சொல் உண்டு. அதன் இலத்தீன் மூலத்துக்கு, சுருதி சேராதது என்று பொருள். கோயில் பஜனையில் ஒருவர் மட்டும் தனிச்சுருதியில் பாடினால் காதுக்கு எப்படி இருக்கும்? அதுதான் அப்சர்ட். மலாய்க்காரர்கள் ‘காருட்’ என்பார்கள், ‘மெரெப்பெக்’ என்பார்கள். திருவள்ளுவரோ பயனில சொல்லாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

வெள்ளைக்காரன் இந்தச் சொல்லைத் திட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. எட்வர்ட் லியர் என்பவர் 1846இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட வேடிக்கைப் பாட்டுப் புத்தகத்தின் பெயரிலேயே ‘நான்சென்ஸ்’ இருக்கிறது. லூயிஸ் கரோல் 1871இல் வந்த தம் கதைப் புத்தகத்தில், அகராதியில் இல்லாத சொற்கள் பலவற்றைக் கோத்து ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டில் அவர் உண்டாக்கிய ‘சார்ட்டில்’ என்ற சொல் பிற்பாடு அகராதியிலேயே ஏறிவிட்டது. களித்துச் சிரிப்பது என்று அதற்குப் பொருள். வங்காளத்தில் சுகுமார் ராயும் இப்படி எழுதியவர்தான். அவருடைய ‘ஆபோல் தாபோல்’ 1923இல் வெளிவந்தது. நம் தாலாட்டில் வரும் ‘ஆராரோ’வுக்கு என்ன பொருள் சொல்வீர்கள்? ஆனாலும் பிள்ளை தூங்கிவிடுகிறதே!

அன்பாகச் சொல்வதும் உண்டு. “நான் இருந்தால் உங்களுக்குத் தொந்தரவு, புறப்படுகிறேன்” என்று விருந்தாளி எழுந்தால், வீட்டுக்காரர் “நான்சென்ஸ்!” என்பார். அதைக் கேட்டு நீங்கள் கோபித்துக்கொண்டு வெளியேறிவிடக் கூடாது. “அட, அதெல்லாம் ஒன்றுமில்லை, உட்காருங்கள்” என்பதுதான் அது.

இன்னொரு பிரயோகம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. என் பழைய மாணவன் ஒருவன் டவுனில் ஒரு தொழிற்சாலையில் நாலு வருடம் உழைத்தான். வேறிடத்தில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், பழைய மேலாளரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டான். அவரும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். பையன் வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் நடுவில் ‘நான்சென்ஸ்’ என்று இருக்கிறது! யாரிடம் காட்டுவது? வெட்கப்பட்டுக்கொண்டு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். நேர்முகத் தேர்வுக்குக் கடிதமே இல்லாமல் போனான். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து அவன் அம்மா அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “சார், எம்புள்ளய இப்படி எழுதியிருக்காங்களே, அவன் என்ன சார் தப்புப் பண்ணினான்?” என்றார். நான் வாங்கிப் படித்தேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் சின்னதாக ‘நோ’ என்று ஒரு சொல் இருந்தது. ‘நோ-நான்சென்ஸ்’ என்றால் வீண்பேச்சு இல்லாதவன், சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்பவன் என்று பொருள். ஒரு மேலாளர் தம் ஆளுக்குக் கொடுக்கக்கூடிய நல்ல புகழ்ச்சி அது.

அதைச் சொன்னதும் அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கடிதத்தை வாங்கி முந்தானையில் துடைத்து, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டார். “இதை மறுபடியும் எங்கயாச்சும் காட்டலாமா சார்?” என்றார். தாராளமாகக் காட்டலாம் என்றேன். பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த விண்ணப்பத்தை நாங்கள் இருவருமாக உட்கார்ந்து எழுதப்போகிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு கடிதம் மடித்துக் கிடந்தால், பக்கத்துப் பள்ளி வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாலை நேரம் என்றால் அநேகமாக நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.