புதிய கடல்நீர்த் தொட்டியில் நத்தை முதலிய பிராணிகளைப் பேணும் முறை

கடல்வாழ் பிராணிகளைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பேணுவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. 1853-ஆம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுஜனங்களுக்கென மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. நமது சென்னையிலும் 1909-ஆம் ஆண்டில் மெரினாக் கடற்கரையில் ஒரு மீன்காட்சிச்சாலை ஏற்படுத்தப்பட்டது. இப்பொழுது செயற்கைக் கடலுப்பும், சிறு மின்சாரப் பம்புகளும் கடைகளில் கிடைப்பதால், கடலுக்கு வெகுதூரத்திலுள்ள ஊர்களிலும் இத்தகைய தொட்டிகளை வீடுகளில் காண்கிறோம்.

ஆனால் புதிதாகத் தொட்டி வைத்தவர்களில் பலர் ஒரே குறையைச் சொல்லுகிறார்கள். முதல் மாதத்தில் மீன்கள் பிழைத்திருக்க, பாசியைத் தின்பதற்காக விட்ட நத்தைகளும் இறால்களும் மட்டும் ஒவ்வொன்றாக மடிந்துவிடுகின்றன என்பதே அக்குறை. இதன் காரணத்தை அறிந்துகொண்டால், பணநஷ்டத்தையும், அதனினும் பெரிதாகிய உயிர் நஷ்டத்தையும் தவிர்க்கலாம்.

மீனுக்கும் நத்தைக்கும் உள்ள வேற்றுமை

சாதாரணக் கடல்மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்களின் வழியாக வெளியேற்றிவிடுகிறது. ஆகையால் அதன் உடலிலுள்ள உப்பின் செறிவு கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே எப்பொழுதும் நிலைத்திருக்கும். கடல்நத்தைக்கு இந்தத் திறமை இல்லை. வெளியிலுள்ள நீரின் உப்பு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் உடலிலும் இருக்கும். நீரின் உப்பு திடீரென்று கூடினாலும் குறைந்தாலும் அதன் உடல் உடனே அந்த அதிர்ச்சிக்கு உள்ளாகிறது. மீன் தாங்கிக்கொள்ளும் மாறுதலில் நத்தை மடிவதற்கு இதுவே முதற்காரணம்.

தொட்டி பக்குவமடைதல்

ஈரமான பச்சைச் சாணத்தைப் பயிரின் வேரில் குவித்தால் பயிர் கருகும் என்பதை நம் குடியானவர் நன்கறிவர். சாணம் மக்கும்பொழுது உண்டாகும் அம்மோனியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1890-ஆம் ஆண்டு வாக்கில் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இவ்வுயிர்களின் தொழிலை நிலைநாட்டினார். இதே தொழில்தான் கடல்நீர்த் தொட்டியின் மணலிலும் கல்லிலும் நடைபெற வேண்டும். மிஞ்சிய ஆகாரமும் பிராணிகளின் கழிவும் அம்மோனியாவாகின்றன. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலால், அதில் அம்மோனியாவின் விஷம் அதிகம்.

புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். அதுவரையில் எந்தப் பிராணியையும் விடலாகாது. சிறிதளவு ஆகாரத்தைத் தொட்டியிலிட்டு அழுகவிட்டு, பரிசோதனை மருந்தைக் கொண்டு வாரம் இருமுறை நீரைச் சோதித்து வரவேண்டும். அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் முற்றிலும் மறைந்து நைட்ரேட் மட்டும் காணப்பட்டால் தொட்டி பக்குவமடைந்தது என்று கொள்ளலாம். நிலத்தைப் பண்படுத்தாமல் நாற்று நடுபவர் இல்லை. தொட்டிக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

உப்பும் உஷ்ணமும்

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரே தக்கது. அதன் ஒப்படர்த்தி 1.025 ஆகும். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. குழாய் நீரில் குளோரினும், சிற்சில இடங்களில் தாமிரமும் கலந்திருக்குமாதலால், ஆர்.ஓ. முறையில் வடித்த நீரில் கடலுப்பைக் கரைத்து, ஒரு நாள் முழுதும் காற்றோட்டம் கொடுத்த பிறகே உபயோகிக்க வேண்டும்.

வெயில் காலத்தில் தொட்டிநீர் ஆவியாகும்பொழுது நீர் மட்டும் போகிறதேயன்றி உப்புப் போவதில்லை. 100 லிட்டர்த் தொட்டியில் 5 லிட்டர் வற்றினால், லிட்டருக்கு 35 கிராமாயிருந்த உப்பு ஏறக்குறைய 37 கிராமாக உயரும். ஆகவே வற்றியதை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் நிரப்பலாகாது. வாரத்துக்கு ஒருநாள் மொத்தமாக ஊற்றுவதைவிட, நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே நத்தைகளுக்கு நலம். நீரின் உஷ்ணம் 24 முதல் 27 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருக்கட்டும். நீர் சூடாக ஆக அதிலுள்ள பிராணவாயு குறையும். கோடையில் நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி ஓடவிட்டால் உஷ்ணம் தணியும். ஆனால் நீர் விரைவில் வற்றுவதால், நன்னீர் சேர்ப்பதில் அப்பொழுது இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

தொட்டியில் விடும் விதம்

வாங்கி வந்த நத்தையை உடனே தொட்டிக்குள் போடுவது பெருந்தவறு. முதலில் பையை மூடியபடியே கால் மணிநேரம் தொட்டிநீரில் மிதக்கவிட்டு உஷ்ணத்தைச் சமப்படுத்துக. பிறகு பிராணியைப் பைநீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, மெல்லிய குழாயில் முடிச்சிட்டு, தொட்டிநீரை வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக அதில் இறக்குக. அரை லிட்டர் நீர் சுமார் ஒரு மணிநேரத்தில் இருமடங்காகும். பாதியைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஒரு மணிநேரம் இவ்வாறே செய்து, பின்னர் பிராணியை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடவேண்டும், பைநீரைச் சேர்க்கலாகாது.

நெடுந்தூரம் அடைபட்டு வந்த பிராணிகளுக்கு வேறு முறை வேண்டும். அந்தப் பைநீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறி நீரின் காரத்தன்மை கூடுவதால், அம்மோனியாவின் விஷமும் கூடும். இத்தகைய பிராணிகள் வருமுன்பே, விற்பவரிடம் உப்பின் அளவைக் கேட்டறிந்து, அதே அளவுள்ள தூயநீரைத் தனிப் பாத்திரத்தில் தயாராக வைத்திருந்து, பையைத் திறந்ததும் அதில் மாற்றிவிடுக. பிறகு மெல்ல மெல்லத் தொட்டியின் அளவுக்குக் கொண்டு வரலாம்.

ஆகாரம்

சுத்தமாகப் பளபளக்கும் புதுத் தொட்டி பார்வைக்கு அழகு. நத்தைக்கோ அது பஞ்சகாலம். முதலில் பழுப்பு நிறப் படலமும், பின்னர் பச்சைப் பாசியும் படர்ந்த பிறகே பாசி தின்னும் டிரோக்கஸ், டர்போ, செரித்தியம் வகைகளை விடவேண்டும். 100 லிட்டர்த் தொட்டிக்கு மூன்று நான்கு நத்தைகளோடு ஆரம்பித்து, பாசி மிகுந்தால் மேலும் சேர்க்கலாம். பாசி குறைந்துபோனால் உலர்ந்த கடற்பாசித் துண்டைக் கல்லில் கட்டி வைக்கவும். நசாரியஸ் வகை மணலுக்குள் புதைந்திருந்து, மாமிசத் துணுக்குகளைத் தின்பது. அதற்குப் பாசி போதாது. ஓடு வளர்வதற்குச் சுண்ணாம்புச் சத்து அவசியம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால் சிறு தொட்டியில் இச்சத்துப் பெரும்பாலும் குறைவதில்லை.

தாமிரம் என்னும் விஷம்

நத்தை, இறால், நண்டு ஆகியவற்றின் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளில் தாமிரமே அடங்கியிருக்கிறது. எனினும் நீரில் கரைந்த தாமிரம் மிகச் சிறிதளவாயினும் அவற்றைக் கொன்றுவிடும். இதை எழுதுபவன் பட்டறிந்த பாடம் ஒன்றுண்டு. நோயுற்ற மீனுக்காக என் முதல் தொட்டியிலேயே தாமிர மருந்தை ஊற்றினேன். மீன் பிழைத்தது. நீரைப் பலமுறை மாற்றி, சில மாதங்கள் கழித்து ஆறு நத்தைகளை விட்டேன். மூன்றாம் நாள் ஒன்றும் உயிரோடில்லை. கல்லும் மணலும் உறிஞ்சி வைத்திருந்த தாமிரம் மெல்ல நீரில் கசிந்துகொண்டிருந்தது. நோயுற்ற மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றியே மருந்திட வேண்டும் என்று அன்று கற்றேன். செப்பு, பித்தளைச் சாமான்களும் தொட்டிநீரில் படலாகாது. கொசு மருந்தையும் அவ்வறையில் தெளிக்க வேண்டாம்; பூச்சிகளைக் கொல்லும் அம்மருந்து இறாலையும் நண்டையும் விடாது.

மற்றப் பிராணிகள்

இறால் தன் மேலோட்டைக் கழற்றும்பொழுது மிக மெலிந்திருக்கும். அப்பொழுது அதைத் தொந்தரவு செய்யலாகாது. கழற்றிய ஓட்டைக் கண்டு இறால் செத்ததென்று மயங்குவோர் பலர். துறவி நண்டு வளர்ந்தால் பெரிய ஓடு தேடும். கிடைக்காவிடில் நத்தையைக் கொன்று அதன் ஓட்டைக் கவரும். ஆகையால் பல அளவுகளில் வெற்றோடுகளை உள்ளே போட்டுவைக்க வேண்டும். நட்சத்திர மீன், கடற்சாமந்தி ஆகியவற்றை ஆறுமாதம் முதல் ஓராண்டு வரை நிலைபெற்ற தொட்டியிலன்றி வளர்க்க முயலற்க.

கடலில் அகப்பட்டதையெல்லாம் தொட்டிக்குக் கொண்டுவருவதும் தகாது. பவளப் பாறைகளும் கடல் அட்டைகளும் 1972-ஆம் ஆண்டு வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் தீவுப் பகுதி 1986-ஆம் ஆண்டிலேயே கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தினசரிக் கவனிப்பு

காலையில் விளக்கேற்றியதும் நத்தைகளை எண்ணிப் பார்க்கவும். சில வகைகள் மல்லாந்து விழுந்தால் தாமாகத் திரும்பமாட்டா. அவற்றை நிமிர்த்திக் கண்ணாடியிலோ கல்லிலோ ஒட்டவைக்கவும். ஒருநாள் அசையாதிருப்பது சாவுக்கு அடையாளமன்று. எடுத்துப் பார்க்கையில் ஓட்டின் மூடியை உள்ளிழுத்துக் கொண்டால் உயிருண்டு; சதை தொங்கி, துர்நாற்றம் வீசினால் உடனே அகற்றவேண்டும். ஒரு நத்தையின் பிணம் சிறு தொட்டி முழுவதையும் கெடுக்கும். மின்சாரம் நின்றால் காற்றோட்டம் நில்லாதிருக்க மின்கலத்தில் ஓடும் சிறு பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நன்று.

தொட்டியில் அடைத்த பிராணி வேறிடம் தேடிப் போக இயலாது. அதன் கடலும் கரையும் நாம் அமைத்ததே. அவசரத்தை அடக்கி, மாறுதல்களை மெல்லச் செய்து, நாள்தோறும் சிறிதுநேரம் உற்று நோக்குபவருடைய தொட்டியில் நத்தைகள் நெடுங்காலம் வாழும் என்பது அனுபவத்தில் கண்டது.