விசையில் மோகம், உறையில் அலட்சியம்

கைத்துப்பாக்கிப் பிரியர்கள் விசையை இலேசாக்கத் துடிக்கிறார்கள். ஆனால் ஆபத்தைத் தடுப்பது இடுப்பில் தொங்கும் தோல்.

2024 அக்டோபர் 1, அதிகாலை. கொல்கத்தா விமானத்தைப் பிடிக்க மும்பை வீட்டில் கிளம்பிக்கொண்டிருந்தார் இந்தி நடிகர் கோவிந்தா. எடுத்து வைக்கப்போன ரிவால்வர் கை நழுவி விழுந்து வெடித்தது என்றது அவர் தரப்பு. முழங்காலுக்குக் கீழே பாய்ந்த குண்டை ஆஸ்பத்திரியில் அகற்றினார்கள். சுட்டது எதிரி அல்ல, லைசென்ஸ் பெற்ற சொந்தத் துப்பாக்கி.

இப்படிப்பட்ட விபத்துகள் நடந்தும், கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு பாதுகாப்புக்குப் போவதில்லை. விசைக்குத்தான் போகிறது. "ரொம்ப இறுக்கம்" என்பதுதான் நிரந்தரப் புகார்.

புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ரிவால்வரை இரண்டு விதமாகச் சுடலாம். கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் விசைக்கு இரண்டு கிலோ அழுத்தம்கூடத் தேவைப்படாது. அப்படிச் செய்யாமல் நேராக விசையை இழுத்தால், சுத்தியலைத் தூக்குவது, உருளையைச் சுற்றுவது, சுத்தியலை விடுவிப்பது என்று மூன்று வேலையும் ஒரு விரலின் தலையில் விழுகிறது. அழுத்தம் ஐந்து கிலோ வரை போகும். அந்த முக்கலில் குழல்முனை ஒரு நூல் நகர்ந்தால் போதும், குறி தப்பிவிடும்.

வைத்தியம் இரண்டு. ஒன்றோடொன்று உரசும் எஃகுப் பரப்புகளை மெருகேற்றுவது, ஸ்பிரிங்கை மாற்றுவது. அமெரிக்காவில் இது சாப்பாட்டு மேஜையிலேயே நடக்கும் பொழுதுபோக்கு. உதிரிபாகங்கள் தபாலில் வந்து இறங்கும். இந்தியாவில் கதை வேறு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, அதற்கான லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிப்பது மட்டுமல்ல, விற்பதற்காகவோ தொழிலாகவோ பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் குற்றம். 2019ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு வருட சிறை. அதிகபட்சம் ஆயுள். சந்து பொந்தில் 'சரி செய்து' தருபவரிடம் துப்பாக்கியை நீட்டுவது எவ்வளவு பெரிய வம்பு என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சட்டத்தைவிடக் கறாரானது இயந்திரம். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் சுத்தியலின் அடியும் தளரும். தேவையான நேரத்தில் தோட்டா வெடிக்காது. சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பல்லை அளவுக்கு மேல் தேய்த்தாலோ எதிர் ஆபத்து. விரலே படாமல், ஒரு குலுக்கலில் சுத்தியல் நழுவும்.

இலேசான விசைக்கு முறையான இடம் விளையாட்டு அரங்கம். அங்கேயும் கட்டுப்பாடு உண்டு. சர்வதேச விதிகளின்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராமைத் தாங்க வேண்டும். 25 மீட்டர் போட்டிகளில் 1,000 கிராம். எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். விசை நழுவினால் துப்பாக்கி வெளியே. இவ்வளவு நுட்பமான கருவி மக்கர் செய்தால் என்ன ஆகும் என்பது மனு பாக்கருக்குத் தெரியும். 2021 டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் அவரது பிஸ்டல் பழுதாகி நிமிடங்கள் வீணாயின. 12ஆவது இடம்தான் கிடைத்தது. 2024 பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்று கணக்கைத் தீர்த்தது தனிக் கதை.

விசையில் கைவைக்க முடியாத சாதாரண லைசென்ஸ்தாரருக்கு ஒரு சுதந்திரம் மிச்சமிருக்கிறது: உறை. அதைத் தைக்க எந்த ஆயுத லைசென்ஸும் வேண்டாம். இந்தக் கலைக்கு நம் மண்ணிலேயே வேர் இருக்கிறது. 1858இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் நடந்த சண்டையில் இடது கையை இழந்த சாம் பிரௌன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, ஒற்றைக் கையால் ஆயுதத்தை உருவ வசதியாக வடிவமைத்ததுதான் தோளில் குறுக்கே வார் ஓடும் பெல்ட். நம் போலீஸ் அதிகாரிகள் இன்றும் அதை அணிகிறார்கள். அதே மாநிலத்தின் கான்பூரில் 1860களில் ராணுவத்துக்கான சேணத் தொழிற்சாலை வந்தது. கருவேலம் பட்டையில் பதனிட்ட தோல் அங்கே தாராளம். 1942இல் அதே ஊரில் சிறு ஆயுதத் தொழிற்சாலையும் பிறந்தது. துப்பாக்கியும் தோலும் ஒரே ஊரில்.

நல்ல உறை செய்யப் பொறுமை வேண்டும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள, பட்டையில் பதனிட்ட தோலை வெட்டி, மெழுகு பூசிய நூலால் இரண்டு ஊசி கொண்டு சேணத் தையல் போட வேண்டும். ஓர் இழை அறுந்தாலும் மற்றொன்று தாங்கும். பிறகு நீரில் நனைத்து, துப்பாக்கி அளவிலான மாதிரிக் கட்டையை உள்ளே செருகி விரலால் அழுத்தி வடிவம் கொடுத்து உலர்த்துவார்கள். காய்ந்ததும் தோல் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

கடைகளில் சில நூறு ரூபாய்க்குத் தொங்கும் தொளதொள உறைகளில் இந்தக் குணம் கிடையாது. வாய் மடங்கி உள்ளே சுருளும் தோல், துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது விசையை விரல்போலவே அழுத்தும். குண்டு பாயும் இடம் சொந்தத் தொடை. 2014இல் பெண்களுக்காகக் கான்பூரில் அறிமுகமானபோது 'நிர்பீக்' ரிவால்வரின் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். அவ்வளவு கொடுத்து வாங்கியதை நடைபாதைத் துணிப்பையில் செருகுவது என்ன சிக்கனம்?

வாங்கும் முன் சோதிப்பது எளிது. தோட்டாவையெல்லாம் எடுத்துவிட்டு, காலியாகத்தான் இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்தபின் துப்பாக்கியை உறையில் வையுங்கள். விசையைச் சுற்றிய வளையம் முழுசாக மூடியிருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் விழக்கூடாது. வெளியே எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். இன்னொன்று: இரவில் உறையோடு பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும், இரும்பு துருப்பிடிக்கும். துப்பாக்கி பெட்டிக்கு, உறை ஆணிக்கு.