கிணறு உள்நாட்டினது, விலை உலகத்தினது

1975-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு போர்டு கையொப்பமிட்ட எரிசக்திச் சட்டத்தின் பயனாக, அந்நாட்டு மண்ணிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெய், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அயல்நாடு செல்லலாகாது என்ற தடை ஏற்பட்டது. இரண்டாண்டுகளுக்கு முன்புதான் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்திருந்தன. பீப்பாய் சுமார் 3 டாலருக்கு விற்ற எண்ணெய், சில மாதங்களுக்குள் 12 டாலரை நெருங்கியிருந்தது. பெட்ரோல் நிலையங்களின் வாசலில் மோட்டார் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்ததைக் கண்ட ஜனங்களுக்கு, அந்தத் தடை நியாயத்தின் வடிவமாகவே தோன்றியதில் வியப்பில்லை. சொந்த நாட்டு எண்ணெய் வெளியே போகாதிருந்தால் சொந்த நாட்டு ஜனங்களுக்கு மலிவாகக் கிடைக்கும் என்னும் எண்ணம் தேசாபிமானத்துக்கு உகந்தது. சாமானிய புத்திக்கும் எளிதில் எட்டுவது. 40 ஆண்டுகள் நீடித்த அந்தத் தடையின் சரித்திரமோ, வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது.

சட்டம் பிறந்த காலத்தில் அதற்கு அதிக வேலை இருக்கவில்லை. 1859-இல் பென்சில்வேனியா மாகாணத்து டைட்டஸ்வில் என்னுமிடத்தில் எட்வின் டிரேக் கிணறு தோண்டிய நாள் முதலாக எண்ணெய்த் தொழிலில் முன்னணியில் நின்ற அமெரிக்கா, 1970-இல் நாளொன்றுக்குச் சுமார் 96 லட்சம் பீப்பாய் எடுத்துச் சிகரத்தைத் தொட்டபின் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. 2008-இல் அந்த அளவு சுமார் 50 லட்சமாகக் குறுகிவிட்டது. எண்ணெய் ஏற்றிவரும் கப்பல்களையே எதிர்பார்த்திருந்த துறைமுகங்களில், எண்ணெயை ஏற்றிச் செல்லும் கப்பலைத் தடுக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வரும்?

நிலைமையைத் தலைகீழாக மாற்றியது ஷேல் என்னும் இறுகிய பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கும் வித்தை. செங்குத்தாக இறங்கிய துளையைப் பூமியின் ஆழத்தில் கிடையாகத் திருப்பி, நீரும் மணலும் ரசாயனங்களும் கலந்த கலவையை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்திப் பாறையைப் பிளந்தால், அதன் நுண்ணிய இடுக்குகளில் சிறைப்பட்டிருந்த எண்ணெய் வெளிப்படுகிறது. இம்முறையினால் டெக்ஸஸ் மாகாணத்திலும் வடக்கு டகோட்டாவிலும் உற்பத்தி பெருகி, 2015-இல் நாளொன்றுக்குச் சுமார் 94 லட்சம் பீப்பாயை எட்டியது. ஏற்றுமதி செய்வதற்கு எண்ணெய் கையில் இருந்தும் ஏற்றுமதி செய்யக் கூடாதென்று சட்டம் குறுக்கே நின்ற இந்தச் சில ஆண்டுகள்தாம், பழைய எண்ணத்துக்கு நேர்ந்த உண்மையான பரீட்சை.

ஓக்லஹோமா மாகாணத்தில் குஷிங் என்றொரு சிற்றூர் உண்டு. பல திசைகளிலிருந்து வரும் எண்ணெய்க் குழாய்கள் சந்திக்கும் அவ்விடத்தில்தான் மேற்கு டெக்ஸஸ் எண்ணெய்க்கு விலை நிர்ணயமாகிறது. கடற்கரைக்குக் கொண்டு செல்லப் போதிய குழாய்களும் இல்லாமல், கடல் கடக்கச் சட்டமும் இடம்கொடாமல், அவ்வூர்த் தொட்டிகளில் எண்ணெய் தேங்கவே, உலகச் சந்தையின் அளவுகோலாகிய பிரெண்ட் எண்ணெயைவிட அமெரிக்க எண்ணெய் 2011-இல் சில சமயங்களில் பீப்பாய்க்கு 20 டாலருக்கு மேலும் மலிந்து போயிற்று. கச்சா எண்ணெய் இவ்வளவு மலிந்தபின் பெட்ரோலும் மலிந்திருக்க வேண்டுமல்லவா? 2012-இல் அமெரிக்கர்கள் காலன் ஒன்றுக்குச் சராசரியாக 3.60 டாலர் கொடுத்தார்கள். அதுவரை எந்த ஆண்டிலும் அவர்கள் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், பெட்ரோல் விலை குஷிங்கின் போக்கைக் காட்டிலும் பிரெண்டின் போக்கையே பெரிதும் அனுசரிக்கிறது என்று கண்டது.

காரணம் எளியது. சட்டம் தடுத்தது கச்சா எண்ணெயை மட்டுமே. அதைச் சுத்திகரித்துப் பெறும் பெட்ரோலையும் டீசலையும் அன்று. மெக்சிகோவிலும் பிரேசிலிலும் உலக விலைக்கு வாங்குவதற்கு ஆள் இருக்கும்போது, சுத்திகரிப்பு ஆலைக்காரர் உள்ளூர்க்காரருக்கு மட்டும் குறைந்த விலைக்கு ஏன் விற்க வேண்டும்? ஏற்றுமதிக்கு வண்டி வந்து நிற்கும் கடற்கரை ஊரில், கரைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கென்று இறால் மலிவாகக் கிடைப்பதில்லை அல்லவா? மலிவாக வாங்கியதை உலக விலைக்கு விற்ற ஆலைகளுக்கு லாபம் கொழித்தது. கிணற்றுக்காரருக்கு அந்த அளவுக்கு நஷ்டம் நேர்ந்தது. வண்டி ஓட்டும் சாமானியனுக்கோ குறிப்பிடத்தக்க பயன் ஏதும் கிட்டவில்லை. தடை விலையைக் குறைக்கவில்லை. லாபம் யாரைச் சேர்வது என்பதைத்தான் மாற்றியது.

2015 டிசம்பரில் ஜனாதிபதி ஒபாமா காலத்தில் தடை நீங்கியது. அதன்பின் உற்பத்தியும் ஏற்றுமதியும் சேர்ந்தே வளர்ந்தன. 2018-இல் அமெரிக்கா உலகிலேயே அதிகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடாகியது. 2024-இல் நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியே 32 லட்சம் பீப்பாய் எடுத்து, அதில் 40 லட்சத்துக்கு மேல் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. 2017 அக்டோபரில் அவ்வெண்ணெய் முதன்முறையாக நம் ஒடிசா மாநிலத்துப் பாரதீப் துறைமுகத்துக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வளவு எடுக்கும் நாடு இன்றும் நாள்தோறும் 60 லட்சம் பீப்பாய்க்கு மேல் இறக்குமதி செய்கிறது என்று கேட்டால், வாசகர் திகைக்கக் கூடும். எண்ணெய்கள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. ஷேல் பாறையிலிருந்து வருவது இலேசானது, கந்தகம் குறைந்தது. மெக்சிகோ வளைகுடாக் கரையிலுள்ள பெரிய ஆலைகள் பலவோ, ஷேல் யுகம் உதிக்குமுன்னே, வெனிசுவேலா, மெக்சிகோ, கனடா ஆகிய நாடுகளின் கனத்த, கந்தகம் மிகுந்த எண்ணெயைப் பக்குவப்படுத்துவதற்கென்றே பெரும் மூலதனமிட்டு அமைக்கப்பட்டவை. ஆகையால் இலேசான எண்ணெயை விற்றுக் கனத்த எண்ணெயை வாங்குவதே அவர்களுக்கு ஆதாயம். இதற்கு மேல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டப்பட்டதாகவும் அமெரிக்கருக்குச் சொந்தமானதாகவும் இருக்க வேண்டுமென்று 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம் விதிக்கிறது. அத்தகைய கப்பல்கள் சிலவே, வாடகையும் அதிகம். அதனால் டெக்ஸஸிலிருந்து வடகிழக்குக் கரைக்கு அனுப்புவதைவிட அயல்நாட்டுக்கு அனுப்புவது சில சமயங்களில் மலிவாகிவிடுகிறது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது, உள்நாட்டு விலை உலக விலையையே பின்தொடரும் என்ற உண்மை எல்லோருக்கும் உறைத்தது. யுத்தம் நடந்தது ஐரோப்பாவில். ஆனால் ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் சராசரிப் பெட்ரோல் விலை, அந்நாட்டுச் சரித்திரத்தில் முதன்முறையாகக் காலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. ஜனாதிபதி பைடன், 1975-ஆம் ஆண்டின் அதே சட்டத்தினால் ஏற்பட்டதும், டெக்ஸஸ், லூசியானா மாகாணங்களின் உப்புக் குகைகளில் சேமித்து வைக்கப்பட்டதுமாகிய எண்ணெயிலிருந்து 18 கோடி பீப்பாய் விடுவிக்க உத்தரவிட்டார். ஏற்றுமதியை மறுபடியும் தடுக்க வேண்டுமென்ற குரலும் எழுந்தது. அவ்வாறு தடுத்திருந்தால், உலகச் சந்தையில் எண்ணெய் மேலும் அருகிப் பிரெண்ட் விலை ஏறியிருக்கும். அதைப் பின்தொடர்ந்து அமெரிக்கப் பெட்ரோலும் ஏறியிருக்கும் என்பதே முந்தைய அனுபவத்திலிருந்து பெறப்படும் முடிவு.

இயற்கை எரிவாயுவின் கதை இதற்கு நேர்மாறானது. கடும் குளிர்ச்சியில் திரவமாக்கித் தனிவகைக் கப்பலில் ஏற்றினாலன்றி வாயு பெருங்கடல் தாண்டாது. அதற்குரிய நிலையங்களின் கொள்ளளவு எவ்வளவோ, அவ்வளவே அவ்வழியில் போகலாம். 2022 ஜூன் 8-ஆம் தேதி டெக்ஸஸின் பிரீபோர்ட் நிலையத்தில் தீவிபத்து நேர்ந்து, நாட்டின் திரவ வாயு ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நின்றபோது, அமெரிக்காவில் வாயு விலை இறங்கிற்று; ஐரோப்பாவில் ஏறிற்று. வாயுவைப் பொறுத்தமட்டில் ஏற்றுமதி உள்நாட்டு விலையை உயர்த்தும் என்னும் அச்சத்தில் உண்மை இருக்கிறது. எளிதில் கப்பலேறும் பண்டத்துக்கு உலகமே சந்தை. எளிதில் ஏறாத பண்டத்துக்கு உள்நாட்டுச் சந்தை என்று ஒன்று தனியே நிற்கிறது.

அப்படியானால் உள்நாட்டு உற்பத்தியினால் சாமானியனுக்குப் பயனே இல்லையா? உண்டு, அது வேறு வழிகளில் வருகிறது. ஷேல் எண்ணெய் உலகச் சந்தையில் வந்து குவிந்ததும், அதைக் கண்டும் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு உற்பத்தியைக் குறைக்க மறுத்ததும் சேர்ந்து, 2014-இன் நடுவில் 100 டாலருக்கு மேலிருந்த பீப்பாய் விலையை 2016-இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே தள்ளின. அந்த மலிவு அமெரிக்கருக்கு மட்டுமின்றி, ஒரு சொட்டு எண்ணெயும் எடுக்காத நாடுகளுக்கும் சமமாகக் கிடைத்தது.

இரண்டாவது பயன் இதைவிடப் பெரிது. 1973-இல் விலை ஏறியபோது அமெரிக்கர் அதிகமாகக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு கடல்கடந்து சென்றது. 2020 முதல் அமெரிக்கா, கச்சா எண்ணெயும் பெட்ரோலியப் பொருள்களும் சேர்ந்த மொத்தக் கணக்கில், வாங்குவதைவிட அதிகமாக விற்கும் நாடாகிவிட்டபடியால், 2022-இல் ஏறிய விலையில் பெரும்பங்கு நாட்டுக்குள்ளேயே தங்கியது. பெரும்பாலான தேசங்களில் பூமிக்கடியிலுள்ள எண்ணெய் சர்க்காருக்குச் சொந்தமாயிருக்க, அமெரிக்காவில் அது பெரும்பாலும் தனியாரின் சொத்து. ஆகவே அப்பணம் நில உரிமையாளருக்குப் பங்காகவும், கம்பெனிகளின் பங்குதாரருக்கு லாபமாகவும், டெக்ஸஸ் போன்ற மாகாணங்களின் கருவூலத்துக்கு வரியாகவும் போய்ச் சேர்ந்தது. வேலைக்குப் போக நாள்தோறும் 50 மைல் வண்டி ஓட்டுகிற, எண்ணெய்க் கிணறோ பங்குப் பத்திரமோ இல்லாத ஒரு தாதிக்கு, தன் பணம் சவூதி அரேபியாவுக்குப் போகவில்லை என்பதில் என்ன ஆறுதல் இருக்கக் கூடும்?

நார்வே தேசமும் எண்ணெயை ஏற்றுமதி செய்கிறது. அங்கும் பெட்ரோல் மலிவன்று. வரியினால் அமெரிக்காவைவிட மிகவும் அதிகம். ஆனால் எண்ணெய் வருமானத்தில் பெரும்பகுதியைச் சர்க்காரே வரியாகவும் பங்காகவும் பெற்று, வருங்காலச் சந்ததிகளுக்கென ஒரு நிதியில் சேர்த்து வைக்கிறது. விலையைக் கட்டுப்படுத்த முடியாதென்று தெளிந்த நாடு, விலையினால் வரும் செல்வத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிக்கொண்டது. எண்ணெய் வளமுள்ள எந்தத் தேசத்திலும் ஜனங்கள் தங்கள் சர்க்காரிடம் கேட்க வேண்டிய கேள்வி, பெட்ரோல் ஏன் மலிவாக இல்லை என்பது மட்டுமன்று; விலை ஏறும்போது வரும் பணத்தில் தங்கள் பங்கு எங்கே என்பதும்தான்.