தினமும் ரயில் பயணம், வெளியில்தான் உணவு: தங்கவயல்வாசிகள் உடல் எடையைக் குறைப்பது எப்படி?

கோலார் தங்கவயல்: உடல் எடையைக் குறைக்க உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், வெளியூர் செல்லும் ஓரிரு நாட்கள் அதைத் தளர்த்துவது வழக்கம். எப்போதாவது பயணம் செய்வோருக்கு அதனால் பெரிய பாதகமில்லை. ஆனால், கோலார் தங்கவயலில் பலருக்குப் பயணம் என்பது வாரத்தில் ஆறு நாள்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, பிழைப்புக்காக சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு தினமும் ரயிலில் சென்று திரும்பும் வாழ்க்கை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிவிட்டது. மாரிக்குப்பத்தில் அதிகாலையில் ரயில் ஏறுபவர் வீடு திரும்ப இரவாகிவிடும். காலை உணவு, மதிய உணவு, மாலைச் சிற்றுண்டி மூன்றும் வீட்டுக்கு வெளியேதான். தாத்தா சுரங்கத்தில் உடலை வருத்தி உழைத்தார். பேரன் போக வர நான்கு மணி நேரத்துக்கும் மேல் ரயிலிலும், மீதி நேரம் அலுவலக நாற்காலியிலும் அமர்ந்திருக்கிறார். உணவின் அளவு மட்டும் பெரிதாக மாறவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாகின. அதன்படி, நாட்டில் வயதுவந்தோரில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவை எட்டினாலே இந்தியர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு.

தேநீரில் ஒளிந்திருக்கும் சர்க்கரை: எடை குறைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் மதியச் சாப்பாடு அல்ல. ரயில் நிலையத்தில் ஒன்று, பெங்களூரில் இறங்கியதும் ஒன்று, அலுவலகத்தில் இரண்டு என நான்கு தேநீர் குடிப்பவர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் 40 கிராம் சர்க்கரையை உட்கொள்கிறார். அதாவது, 160 கிலோ கலோரி. ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. தேநீரை விடவே முடியாது என்பவர்கள், முதலில் ஒரு கரண்டியைக் குறைக்கலாம். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

எதைக் கேட்டு வாங்குவது? பெங்களூர் தர்ஷினி உணவகங்களில் மூன்று இட்லி ஏறக்குறைய 150 முதல் 200 கிலோ கலோரி தரும். வெண்ணெய் சேர்த்த மசாலா தோசை 400ஐ எளிதில் தொடும். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயே 100 கிலோ கலோரி என்பதால், "வெண்ணெய் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னாலே பாதி வேலை முடிந்தது. தேங்காய்ச் சட்னியைக் குறைத்து சாம்பாரைக் கூடுதலாகக் கேட்கலாம். காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் வரும் 'சௌ சௌ பாத்' தினசரி காலை உணவுக்கு ஏற்றதல்ல. மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டால் யாரும் குண்டாகிவிட மாட்டார்கள்.

மதிய உணவில் முதலில் பொரியல், கூட்டு, பருப்பு. பிறகு சோறு என்ற வரிசை உதவும். சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் இதனால் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

ராகிக் களி பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். ராகி என்றாலே எடை குறையும் என்று பலர் எண்ணுகின்றனர். 100 கிராம் ராகியில் சுமார் 320 கிலோ கலோரி உள்ளது. அரிசியில் சுமார் 350. வித்தியாசம் சொற்பமே. ஆனால், ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. எனவே ஒரு உருண்டை களியும் கீரைச் சாறும் நெடுநேரம் பசி தாங்கும். இரண்டாவது உருண்டையில் அந்த லாபம் போய்விடும்.

பங்காருபேட்டை பானி பூரி: மாலையில் திரும்பும் வழியில், தெளிந்த நீர் போன்ற பானிக்குப் பெயர்பெற்ற பங்காருபேட்டை பானி பூரியைத் தாண்டி வருவது எளிதல்ல. உண்மையில் அந்தப் பானியில் கலோரி மிகக் குறைவு. எண்ணெயில் பொரித்த பூரிதான் கணக்கில் ஏறுகிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் வழக்கமான இரவு உணவையும் முழுதாக உண்பதே சிக்கல். மாலை ஐந்து மணிக்கு ஒரு அவித்த முட்டையோ (சுமார் 75 கிலோ கலோரி, 6 கிராம் புரதம்), ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டால், இரவு ஒன்பது மணிக்கு அகோரப் பசியுடன் தட்டின்முன் அமர நேராது. இரண்டையும் காலையிலேயே டிபன் பாக்ஸில் எடுத்துச் செல்லலாம். கோடை வெயிலில் முட்டையைத் தவிர்த்து வறுத்த கடலை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள், மெனுவில் கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும் என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2022 ஜூலை முதல் அமலில் உள்ளது. பெரிய உணவகங்களில் சாப்பிடுவோர் அந்த எண்ணைப் பார்த்து ஆர்டர் செய்யலாம்.

காலை உணவைத் தவிர்த்து எடையைக் குறைக்க முயல்வோரும் ரயிலில் உண்டு. இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் எடுத்துக்கொள்வோர் இவ்வாறு செய்தால், ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து ஓடும் ரயிலிலேயே மயங்கக்கூடும். ரயில் தாமதமானால் சமாளிக்க, அவர்கள் கைப்பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பதும், உணவு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்பதும் அவசியம்.